நூற்று நாற்பது தப்படி

இரண்டு ஓட்டல்களுக்கும் நடுவே
ஒரே ஒரு மதில்தான்.
அதன்மேல் உட்கார்ந்து
இரண்டு பக்கத்துச் சமையலறையையும்
நோட்டம் விடுகிறது ஒரு குரங்கு.

காரை ஓரம் கட்டிவிட்டு
எஞ்சினை அணைக்காமல் கேட்டார் தயாளன்:
"எதுக்குப் போகலாம், சொல்லு தவா."

பீட்டர்மரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் வரைக்கும்
வழியெல்லாம் இதே பேச்சு.
இடப்பக்கம் அமெதிஸ்ட்:
இருபத்திரண்டு மாடி, கண்ணாடி லிஃப்ட்,
காலைச் சாப்பாடு இலவசம்,
மாதக் கடைசி என்பதால் அறுநூறு ராண்ட் குறைவு.
சாப்பாட்டு அறைக்குப் போகும் வழி மட்டும்
காசினோவின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறது.

வலப்பக்கம் பெலிக்கன் ஹவுஸ்.
நாலு மாடி. உப்புக்காற்று தின்ற பால்கனிக் கம்பி.
ரொட்டிக்கும் முட்டைக்கும் தனிக் காசு.

நான் சொன்னேன்:
கண்ணாடி லிஃப்ட் எனக்குத் தலை சுற்றும்.
ஆஸ்பத்திரியின் ஆறாம் மாடி ஜன்னலில்
ஏறி நின்று திரை மாட்டியவள் நான்.

நான் சொன்னேன்:
அங்கே துண்டெல்லாம் குளோரின் வாடையாம்,
பூங்கொடி மூட்லி சொன்னாள்.
பூங்கொடி மூட்லி போன தையிலேயே
கேப் டவுனுக்குக் குடிபோய்விட்டாள்.
துண்டைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றேன்.
பஃபேயில் கறிக்கும் காய்க்கும் ஒரே கரண்டி.
இதைச் சொன்னபோது
எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சொல்லாதது:
மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை
இரவுப் பணி முடிந்த சீருடையோடு
அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் பின்வாசலில்
ஒரு சின்ன அறைக்குப் போனேன்.
தெம்பெகிலே என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.
என்னை இனி உள்ளே விடாதீர்கள் என்று
நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்.
நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று,
கைதியை எடுப்பதுபோலப் படம் எடுத்தார்கள்.
மூக்குத்தியைக் கழற்றட்டுமா என்றேன்.
வேண்டாம் அம்மா, அதுதான் அடையாளம் என்றாள்.

ஆசை என்று சொல்லமாட்டேன்.
தீவிர சிகிச்சை வார்டில்
இரவெல்லாம் கேட்கும் அதே பீப் ஓசைதான் அங்கேயும்.
இங்கே அது நின்றுபோனால்
யாரும் சாவதில்லை.

போனது எவ்வளவு?
மகள் படிப்புக்கு வைத்திருந்ததில் பாதி.
இரட்டை ஷிஃப்ட் பார்த்து நிரப்பினேன்.
வீட்டில் அதற்குப் பெயர்
ஆள் பற்றாக்குறை.

இப்போது அந்த வாசலில் கால் வைத்தால்
ஒரு காமிரா என் மூக்குத்தியைக் கண்டுகொள்ளும்.
காவலாள் மரியாதையாக வருவான்.
தட்டோடு முன்னால் போகும் தயாளன்
திரும்பிப் பார்ப்பார்.

பயம் அது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.
காமிரா கண்ணசந்துவிட்டால்?
அதுதான்.

குரங்கு மதிலை விட்டு
அமெதிஸ்ட் பக்கம் குதித்தது.
தயாளன் கியர் மாற்றினார்.
வண்டி வலப்பக்கம் திரும்பியது.
"அங்கே படுக்கை கல்லு மாதிரி," என்றார்,
"என் முதுகுக்கு ஆகாது."

நாங்கள் அங்கே
ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

கடல் தெரியும் அறை காலி இல்லை.
மதிலைப் பார்த்த அறைதான் கிடைத்தது.
இரவு முழுக்க அமெதிஸ்ட்டின் வெளிச்சம்,
ஊதா, பச்சை, மறுபடி ஊதா,
எங்கள் கூரையில் நடந்துகொண்டிருந்தது.
நான் கண்ணை மூடிப் படுத்தபடியே
வாசலுக்கு வாசல் நடந்து பார்த்தேன்.
நூற்று நாற்பது தப்படி.
இன்னொரு முறை எண்ணினேன்.
குறையவில்லை.

இருட்டில் அவர் எழுந்துபோய்
பால்கனித் திரையை இழுத்து மூடினார்.
"கொசு" என்றார்.

ஜூலை மாதக் குளிர்.
ஒரு கொசு கிடையாது.
"ஆமாம்" என்றேன்,
"கடிக்குது."