பதினேழாவது கேள்வி

மின்விசிறி உண்டா?
உண்டு. சுழல்வதில்லை.
உண்டென்றால் உண்டுதான். படிவத்தில்
சுழல்வதற்கென்று கட்டமில்லை.

பனிச்சங்கேணி, உச்சிவெயில்.
நண்டு வலை காயும் கம்பியில் என் குடை.
வீட்டிலிருந்த ஒரே கதிரையில் நான்.
இராசமலர் நின்றபடி பதில் சொல்கிறாள்.

செவ்வாய்தோறும் வரும் குழுக்கடன் பொடியனின்
மோட்டார் சைக்கிள் குடித்த பெற்றோல்
நாட்டின் வளர்ச்சியில் சேர்ந்துவிட்டது.
அவனுக்குக் கட்டவென்று
இன்னொரு கம்பனியில் எடுத்த காசின் வட்டியும்.
இறால் பண்ணை கழித்துவிட்ட தண்ணீரில்
சொறி பிடித்த சின்னவனுக்கு
வாழைச்சேனையில் வாங்கிய மருந்தும்.

களப்பில் நண்டு அருகிப்போனது மட்டும்
எதிலும் கழியவில்லை.
நண்டுக்கு ஒருநாளும் பற்றுச்சீட்டு இருந்ததில்லை.

"மறுகா?" என்கிறாள்.

மறுகா, பதினேழு. கைபேசி உண்டா?
"மூத்தவள் கட்டாரில. அவளோட கதைக்கத்தானே, மகள்."
சரி போட்டேன்.
ஏழையாயிருக்க இப்போது அவளுக்கு
இரண்டு புள்ளி போதாது.

சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்,
நாடு வளருதாம் அக்கா, காலையில் ரேடியோவில் சொன்னான்.
"அப்பிடியா" என்றவள்
கொடியில் காய்ந்த பாவாடைகளைப் பார்த்தாள்.
"புள்ளையள் வளந்தா உடுப்புக் கட்டையாப் போகும்.
இது வளந்தா
ஆருக்குக் கட்டையாப் போகும்?"

அதற்கும் கட்டமில்லை.

அன்றைய பாடு ஐந்து நண்டு.
வேண்டாம் வேண்டாமென்றும் இரண்டை
என் பையில் போட்டுவிட்டாள். எழுதவில்லை.

பாலம் தாண்டி
ஸ்கூட்டிக்கு ஐந்நூறுக்குப் பெற்றோல் அடித்தேன்.
அது சேரும்.