பாதிக் காற்று

பதினொரு தையல் என்றாள் சயாமா.
உள்ளே எத்தனை, வெளியே எத்தனை
என்று நான் கேட்கவில்லை.
மின்சாரம் போயிருந்தது.
முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு
கைபேசி வெளிச்சம் பிடித்தாள் நாத்தனார்.
வெளிச்சம்தான் நடுங்கியது,
ஊசி நடுங்கவில்லை.

குழந்தை மூன்றே முக்கால் கிலோ.
அந்த எண் பெகு முழுக்கப் போனது,
கோயில் சந்து, அரிசி மில், ஆற்றுப் பாலம் தாண்டி.
பதினொன்று எங்கும் போகவில்லை.
என்னோடு பாயில் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு டோ சான் ஈ
சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி
வயிற்றில் வைத்தாள்.
மாமியார் சுக்கும் மிளகும் இடித்து உருட்டினாள்.
இரண்டு நாட்டு வைத்தியமும் ஒரே உடம்பில்.
இரண்டிலும் அந்த இடத்துக்குப் பெயர் இல்லை.
தமிழில் 'கீழே'.
பர்மியில் 'அவ்க்'.
அதுவும் கீழேதான்.

ஒன்றுக்குப் போகும்போதெல்லாம்
டப்பாவில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே போனேன்,
எது எரிகிறது என்று தெரியாமலிருக்க.
நான்காம் நாள் இரண்டுக்கு.
மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு,
பெறும்போது கூப்பிட மறந்த
சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

வைரவனிடம் சொன்னது ஒன்றே ஒன்று:
"உட்கார முடியல."
மறுநாள் சைக்காவின் பழைய டியூபை
நாலு இடத்தில் பஞ்சர் ஒட்டி
எட்டுப்போல் முறுக்கி, இரண்டாய் மடித்து
நைலான் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தான்.
கிழிந்த லுங்கியில் உறை.
அவனே தைத்தது,
ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறது.
"பாதிக் காத்துதான். முழுசா அடிச்சா துள்ளும்."
தையலைப் பற்றி
எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

நாற்பத்தைந்தாம் நாள் கடை திறந்தேன்,
ரயிலடிக்கு எதிரே, குன்யாக் கடை.
அங்கேதான் தெரிந்தது,
காற்று என் பேச்சைக் கேட்பதில்லை என்று.
தும்மினால் துணி நனைகிறது.
ஒருவர் காசைக் கொடுத்துவிட்டு
வராத ரயிலை வெகுநேரம் பார்த்தார்.
சிரிப்பதை நிறுத்தினேன்.
கோயிலில் கடைசி வரிசைக்குப் போனேன்,
பிறகு வாசலுக்கு,
பிறகு போகவில்லை.
இருட்டில் வைரவன் கை நீண்டால்
அழாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"ஏன் இவ்வளவு நாள் வரல?"
என்று திட்டினாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.
பெயரில்லாத இடத்துக்கு
எந்த வரிசையில் நின்று சீட்டு வாங்குவது?
கையுறையை மாட்டினாள், பார்த்தாள்,
திட்டுவதை விட்டுவிட்டாள்.
"காத்தை அடக்குற மாதிரி இறுக்கு.
அஞ்சு எண்ணு. விடு.
மாசக்கணக்கில் செய்யணும்.
அப்பவும் சரியாகலைன்னா
ரங்கூனுக்கு எழுதித் தரேன்."

எண்ணுவதுதானே?
வெற்றிலையை விரி, தித்.
சுண்ணாம்பைத் தடவு, ஹ்நித்.
பாக்கு, தோன்.
புகையிலை, லே.
மடி, ஙா.
விடு.

ஒரு குன்யாவுக்கு ஒரு இறுக்கம்.
திருவிழா நாளில் முந்நூறு.
உதடு அசைவதைப் பார்த்து
கணக்குப் போடுகிறாள் என்கிறார்கள்.
கணக்குதான்.
போன மாதம் தும்மலில் பாதி எனக்கு அடங்கியது.
மீதிப் பாதி இன்னும் அடங்கவில்லை.
அந்த எழுத்து
ஆஸ்பத்திரிச் சீட்டில் மடித்தபடி இருக்கிறது,
சில்லறை டப்பாவின் அடியில்.

நேற்று நான் தண்ணீர் பிடிக்க எழுந்தபோது
கருவாடு விற்கும் டோ ஞுன் யீ
அலுப்பில் என் டியூபில் உட்கார்ந்தாள்.
குடத்தோடு திரும்பினேன். எழவில்லை.
உறையைத் தடவிப் பார்த்தாள்,
மடிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"முப்பத்திரண்டு வருஷம்" என்றாள் பர்மியில்.
எதற்கு என்று சொல்லவில்லை.

நின்றுகொண்டே அவளுக்கொரு குன்யா மடித்தேன்.
அன்று முதல்முறை
வாய்விட்டு எண்ணினேன்.
அவளும் எண்ணினாள்,
மூன்றில் மூச்சு விட்டுவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.