மைனஸ் ஒன்று புள்ளி நான்கு

தரகுப் பெண் முதலில் சமையலறையைக் காட்டினாள்.
வீட்ஸ்கெ அதைப் பார்க்கவில்லை.
சன்னலுக்கு வெளியே, புல் மூடிய கரைக்குப் பின்னால்
படகொன்று போய்க்கொண்டிருந்தது,
சாப்பாட்டு மேஜையைவிட உயரத்தில்.

கடல் மட்டத்துக்கு எவ்வளவு, என்றாள்.
அலமாரி முழுக்க ஓக் மரம், என்றாள் தரகுப் பெண்.
டௌவெதான் பதில் சொன்னான்,
செருப்புக்கடையில் கால் அளவு சொல்வதுபோல:
மைனஸ் ஒன்று புள்ளி நான்கு.

அவனுக்குத் தெரியும்.
நீர் வாரியத்தில் பதினோரு வருடம்.
மூன்று பம்புகளின் இருமலையும்
தனித்தனியாக அடையாளம் சொல்வான்.
புயல் அடிக்கும் இரவில் அவற்றின் பக்கத்தில்தான் படுக்கை.
"பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்" என்றான்.
நாம் என்று சொல்லியிருக்கலாம்.

வங்கிக் காகிதத்தில் முப்பது வருடம்.
கடைசித் தவணையின்போது
அவளுக்கு அறுபத்து நான்கு வயது, அவனுக்கு அறுபத்தாறு.
அந்த வருடம் அந்தத் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதற்கு
எந்தக் கட்டமும் இல்லை.
(கடன் என்று எழுத வந்து
இந்த இடத்தில் இரண்டு முறை கடல் என்று எழுதிவிட்டேன்.
கடைசி எழுத்துத்தான் வித்தியாசம்.)

தெற்கே டிரென்டவில் இன்னொரு வீடு பார்த்தார்கள்.
மணல் மேடு. பதினாறு மீட்டர், ப்ளஸ்.
குளியலறையில் பழுப்பு ஓடுகள், பின்புறம் பைன் மரங்கள்.
வீட்ஸ்கெ வரவேற்பறையில் நின்று
பல மாதங்களுக்குப் பிறகு முழு மூச்சு விட்டாள்.
டௌவெ சுவரில் காதை வைத்தான்.
என்ன கேட்கிறது?
ஒன்றும் கேட்கவில்லை, என்றான். அதுதான்.

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை.
ஃபிரீஸ்லாந்தின் சமவெளியில்
ஒரே ஒரு மேடு எழுந்து வந்தது.
அணை என்ற சொல் வருவதற்கு முன்பு
சாணமும் களிமண்ணும் உடைந்த பானையுமாகக் கொட்டிக் கொட்டி
மனிதர்கள் எழுப்பிய மேடு. வெள்ளம் வந்தால்
மாடுகளோடு மேலே ஏறிக்கொண்டார்கள்.
பிறகு அணை வந்தது, தைரியம் வந்தது.
அந்த மண் நல்ல உரம் என்று யாரோ கண்டுபிடிக்க,
பேரப்பிள்ளைகள் மேட்டின் பாதியை வெட்டிப்
படகு படகாக விற்றார்கள்.
உயரத்தை எடை போட்டு விற்ற ஊர்.

மிச்சப் பாதியில் தேவாலயம். அதைச் சுற்றிக் கல்லறைகள்.
இந்த வட்டாரத்திலேயே கால் நனையாதவர்கள்
செத்தவர்கள்தான் என்றாள் வீட்ஸ்கெ.
புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் எந்திரத்தை நிறுத்தினார்:
இடம் இருக்கிறது, வேண்டுமா?
குத்தகை முப்பது வருடம்.
அவள் சிரித்தாள், நிறுத்த முடியாமல்,
யாரோ ஒரு ஹில்லெகொண்டாவின் கல்லைப் பிடித்துக்கொண்டு.
டௌவெ சிரிக்கவில்லை.
மேட்டின் வெட்டிய ஓரத்தில் நின்று
தன் பம்பு நிலையத்தின் சிவப்பு விளக்கைத் தேடினான்.
கிடைத்தது. கீழே, வெகு கீழே.

இறைக்க இறைக்க ஊறும் என்பது
கிணற்றுக்குச் சொன்னது. இங்கே
இறைக்க இறைக்க நிலம் உலர்ந்து சுருங்கி
இன்னும் ஒரு விரல் இறங்குகிறது.
இதை அவளுக்குச் சொன்னது அவன்தான்,
காதலிக்கும் நாட்களில், பெருமையாக.

இப்போது லேவார்டனில் வாடகைக்கு இருக்கிறார்கள்,
மூன்றாவது மாடியில்.
முடிவெடுக்கும்வரை என்கிறார்கள்.
இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள்.
டிரென்ட வீட்டை ஒரு பல் மருத்துவர் வாங்கிவிட்டார்.
அந்தத் தாழ்ந்த வீடும் விற்றுப்போனது. வாசலில்
குழந்தை வண்டி நிற்பதைப் பார்த்ததாக டௌவெ சொன்னான்,
வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில்.

நேற்றிரவு வடமேற்குக் காற்று.
பதினொன்றரைக்குப் போன் வந்தது.
ஈரம் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.
மூன்றாவது பம்பு இருமியது, நின்றது, மறுபடி பிடித்தது.
விடியும்வரை இறைத்தான்,
வாங்காத வீட்டிலிருந்தும்.