பைய

குளச்சலில் ஐஸ் கம்பெனியை ஒட்டிய ஷெட்டில்
அதை நிறுத்தியிருந்தார்கள்.
ஒரு கை, இரண்டு கேமரா.
தோள் கிடையாது.
பெட்டியிலிருந்து கணவாயை எடுத்துத்
தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சொன்னால் போதும் என்றான் விஜின்.
மார்த்தாண்டத்துக்காரன், பைக்கில் வருவான்,
முதல் வாரம் முழுக்க மாஸ்க்கைக் கழற்றவில்லை.
அது பார்க்குமாம், சொல்லைப் புரிந்துகொள்ளுமாம்,
பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்துக்
கையை அசைக்குமாம்.
"பொத்தான் ஒண்ணும் இல்லக்கா,
மீன்கிட்ட பேசுத மாதிரி பேசுங்க."

நான் மீனிடம் பேசுவதில்லை.
விலை கேட்பவனிடம் பேசுவேன்,
காக்காயை ஏசுவேன்.

கணவாயை எடு என்றேன்.
எடுத்தது.
இறுக்கிய இறுக்கில் மை பொட்டி
தட்டு, மேஜை, விஜினின் வெள்ளைச் சட்டை.
பைய எடு மக்கா, பைய, என்று கத்தினேன்.

கை நின்றது.
கேமரா இரண்டும் ஷெட்டைத் துழாவின.
மீனைப் போட்டுவிட்டு
ஸ்டூலில் இருந்த என் பையை,
துணிக்கடை மஞ்சள் பை,
உள்ளே மரச்சீனியும் சாளைக் குழம்பும்,
தூக்கிக்கொண்டு வந்து
கணவாய்களுக்கு நடுவில் வைத்தது.

டெல்பினாள் சிரித்து மாளாமல்
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.
விஜின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
படத்தில் பை இருந்தது.
சொல்லிலும் பை இருந்தது.
தொண்ணூற்றொரு சதவீதம் நிச்சயம்
என்று எண் போட்டிருந்தது.
நான் எதைக் குறித்தும்
அவ்வளவு நிச்சயமாய் இருந்ததில்லை.

மறுநாள் பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.
பைய என்றதும்
கணவாயின் வயிற்றைத் தடவித் தேடி
மைப்பையைப் பிதுக்கியது.
அதுவும் பைதான். ஒத்துக்கொண்டேன்.

"மெதுவா-ன்னு சொல்லுங்கக்கா, அது அதுக்குத் தெரியும்."
மெதுவாக என்பது
பள்ளிக்கூடத்து முன்னால் போர்டில் எழுதியிருப்பது.
என் வாயில் அது வராது.
அண்ணனின் பெட்டி கோயில் படி இறங்கும்போது
பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், பைய என்று.
ஆறு பேரின் முழங்காலும் ஒன்றாய் மடங்கின.
வேறு சொல் சொல்லியிருந்தால்
மடங்கியிருக்குமா தெரியாது.

அப்போ நீங்களே காட்டிக் கொடுங்க என்றான்.
ஒரு கைப்பிடிக்குள் என் விரல்களை நுழைத்துக்கொண்டேன்.
நான் எடுத்தால் அது எடுக்கும்.
எடுக்கும் ஒவ்வொரு தடவையும்
பைய, பைய என்று சொல்ல வேண்டும்.
நானூறு தடவை.
ராத்திரி தூக்கத்திலும் சொன்னேனாம்,
வீட்டுக்காரர் எழுந்து
தலைமாட்டில் பையைத் தேடினாராம்.

மூன்றாம் வாரம் அது தனியாய் எடுத்தது.
மை பொட்டவில்லை, தோலில் கீறல் இல்லை.
விஜின் கை தட்டினான்.
எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது.
மீனைத் தொடுவதற்கு முன்னால்
விரல் அளவு உயரத்தில்
அது கொஞ்சம் தயங்கியது.
அது நான்.
கெளுத்தி முள் பெருவிரலைத் துளைத்த வருஷத்திலிருந்து
தொடும்முன் அப்படி ஒரு நொடி நின்றுவிடுவேன்.
யாரும் சொல்லித்தான் எனக்கே தெரியும்.
இரும்புக்கு எந்த முள் குத்தியது?
விஜினிடம் சொல்லவில்லை.
சொன்னால் எடுத்துவிடுவான்,
நேரம் மிச்சம் என்பான்.

சனிக்கிழமை சாயங்காலம்
லைட்டை அணைக்கப் போகும் நேரம்
விளையாட்டாய்ச் சொன்னேன்,
மக்கா, என் பைய எடு.

கை போனது.
பைக்கு மேலே ஒரு நொடி நின்றது.
பிறகு தூக்கி, சாய்க்காமல், தூக்கில் கூடத் தளும்பாமல்
என் மடிக்கு எதிரே கொண்டுவந்து நீட்டியது.

இதையும் பதிவு பண்ணியிருக்கு,
சரியா தப்பான்னு குறிக்கணுமேக்கா என்கிறான்.
எந்தப் பைய என்று எனக்கே நிச்சயமில்லை.
குழம்பு சிந்தவில்லை என்றேன்.
அப்படி ஒரு கட்டம் திரையில் இல்லை.