கிழக்கு வேலி

பதிவேட்டில் அதற்கு எண் இல்லை.
நட்டவர் எவருமில்லை, ஏதோ பறவை போட்டது.
உரக்குழிக்கும் பம்ப் அறைக்கும் நடுவே
வேலியில் சாய்ந்து வளர்ந்த ஒரு சிரிங்கா.

இருபத்திரண்டு வருஷமாக
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் இந்தத் தோட்டத்தில் இருக்கிறேன்.
தொட்டி கழுவ வந்தவள்.
பிறகு நாற்றங்கால், பிறகு விதை அறை,
இரவு வகுப்பில் ஒரு டிப்ளமோ,
இப்போது சாவிக்கொத்தும் பட்ஜெட்டும் என்னிடம்.
செடிகளோடு இருப்பேன் என்று நினைத்தேன்.
இருப்பது டெண்டர்களோடு,
அடைத்துக்கொண்ட தெளிப்பான்களோடு,
போட்டோவுக்காக சைக்காஸ் மேல் கால்வைக்கும்
கல்யாண மாப்பிள்ளைகளோடு.
ஆனாலும் காலை ஆறு மணிக்கு
டுசி ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறி வரும்போது
பெயர்ப்பலகைகளைக் கட்டைவிரலால் துடைத்தபடி நடப்பேன்.
அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் கேட்க
எனக்கே கூச்சமாக இருக்கும்.

பிரிட்டோரியாவிலிருந்து ஆய்வாளர் வந்தார்.
கற்பூர மரத்தைச் சுற்றி வந்தார்;
அதற்கு வயதாகிவிட்டது, விலக்கு உண்டு.
சிரிங்காவின் கீழ் நின்று
உதிர்ந்த மஞ்சள் காயைப் பூட்ஸ் நுனியால் உருட்டினார்.
படிவம் நிரப்பினோம்:
அயல் இனம். பரவும் தன்மை. கட்டாயம் அகற்ற வேண்டும்.
பொறுப்பு அலுவலர் பெயர்?
படையாச்சி, என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொன்னார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை
வேலிக்கு அந்தப்புறம் பூமணி கோவிந்தர்,
வருஷா வருஷம் வருகிற மாதிரி,
செக்கர்ஸ் பையோடு.
மறுநாள் மறுநாள் தீமிதி.
அவள் பேசியது முழுக்க இங்கிலீஷ்,
ஒரு சொல்லைத் தவிர: வேப்பலெ.

இது வேம்பு இல்லை அக்கா, என்றேன்.
பூ ஊதா, காய் விஷம், இனமே வேறு.
தெரியும், என்றாள்.
என் பெரியம்மா காலத்திலிருந்தே தெரியும்.
கரும்புக்காட்டில் வேம்பு எங்கே இருந்தது?
கிடைத்ததைக் கட்டினோம்.
இப்போது டர்பனிலிருந்து அசல் கொண்டுவந்தாலும்
அம்மனுக்கு இந்த வாசனைதான் பழக்கம்.

ம்தொகோசிசி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
விதி என்ன சொல்கிறது என்று எனக்கு மனப்பாடம்:
காய் வெளியே போகக் கூடாது.
இலையைப் பற்றி அது பேசவில்லை.

வெட்டினோம்.
ஒரு பகல் முழுக்க நாலு பேர் தார்ப்பாயில் உட்கார்ந்து
காய்க்கொத்தை மட்டும் கிள்ளி எடுத்தோம்,
முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி.
இலை பாதி மஞ்சளித்திருந்தது, ஏப்ரல் இல்லையா.
ஸனெலே ஒவ்வொரு கட்டையும் எண்ணினாள், அறுபத்தொன்று.
பூமணியின் மருமகன் பக்கியை ரிவர்ஸில் கொண்டுவந்து
என் லாவெண்டர் பாத்தியில் ஏற்றினான்.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

காய்கள் ஒன்பது பை. எரித்தோம். எழுதினேன்.
அடிமரத்தில் நீல மருந்து பூசினோம்;
மழையில்லாத வானம் மாதிரி ஒரு வட்டம்.

ஆறு வாரத்துக்கொரு முறை
துளிர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.
மே: இல்லை.
ஜூலை: இல்லை, எறும்பு மட்டும்.
ஆகஸ்ட்: இல்லை.
செப்டம்பர் கடைசியில் முதல் மழை பிடித்தது.
அலுவலகத்தில் வேலை குவிந்திருந்தது.
கிழக்கு வேலிப்பக்கம் நான் போகவில்லை.