பதினொரு யூரோ நாற்பது

கடலோடிகள் ஓய்வூதிய அலுவலகத்தில்
ஒப்தூலியா நீட்டிய குறுந்தகட்டை
இரண்டு விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு
கர்பாய்யோ அம்மாள் சொன்னாள்:
"நாங்கள் கேட்டது டொகுமெந்தோ.
நீங்கள் கொண்டுவந்திருப்பது டொகுமெந்தால்."

சொல்லின் வால்தான் வேறு.
அந்த வாலில் தொங்கிக்கொண்டிருந்தது
மாதம் அறுநூற்றுச் சொச்சம்.

படகின் ஆள்பட்டியலில் செவெரீனோ பெயர் இல்லை.
யாருக்கோ காய்ச்சல் என்று
விடியுமுன் பதிலுக்கு ஏறிப் போனவன்.
கலீசியாவின் கடல்
பெயர் கூப்பிட்டு ஆள் எடுப்பதில்லை.
மிதந்து வந்தது ஒரு பெட்டிமூடியும்
இன்னொருவனின் காலணியும்.

அந்தப் படத்துக்கு மைக் பிடித்தவன் நான்.
ஐம்பத்திரண்டு நிமிடத்தில்
அவன் வருவது நாலே நிமிடம்.
வலை பின்னுகிறான்.
வலை பின்ன அவனுக்குத் தெரியாது.
இயக்குநர் ஆசைப்பட்டார் என்று
மைத்துனனிடம் ஊசி கடன் வாங்கி உட்கார்ந்தான்.
பின்னால் நிற்கும் படகு அண்டைவீட்டுக்காரனுடையது,
நீலம் நன்றாக விழுமாம்.
வெயில் போதாமல் மறுநாளும் வரச்சொன்னோம்,
அதே சட்டையில்,
துவைக்காமல்.

மூன்றாம் தடவை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தவன்
"போதுமா?" என்றான்.
அதை வெட்டிவிட்டோம்.
வெட்டத் தப்பியது ஓர் இருமல்.
அந்த நாலு நிமிடத்தில்
நாங்கள் கேட்காமல் அவன் கொடுத்தது
அது ஒன்றுதான்.

அன்றிரவு அகராதியை எடுத்துவைத்துக்கொண்டேன்,
பல்வலிக்காரன் கிராம்பைத் தேடுவதுபோல.
லத்தீனில் டொகேரே என்றால் கற்பி.
அதிலிருந்து டொகுமெந்தும்:
பாடம், படிப்பினை, எச்சரிக்கை,
இப்படிச் செய்தால் இப்படி ஆகும் என்று
ஊருக்குக் காட்ட நிறுத்திவைத்த ஆள்.
காகிதம் பிறகுதான் வந்தது.
முத்திரை அதற்கும் பிறகு.
வழக்குமன்றத்தில் சாட்சியத்துக்கு முன்னால்
பெயரடையாகக் கைகட்டி நின்ற சொல்
பாரிஸின் இருட்டுக் கொட்டகைகளில்
பயணப் படங்களுக்கு முன்னால் போய் நின்றது.
ஒருநாள் பின்னால் இருந்த படத்தையே விழுங்கி
தானே பெயராகிவிட்டது.

கற்பித்தல் என்று தொடங்கிய சொல்
எங்களுக்கு என்ன கற்பித்தது?
தெரியாத வேலையை ஒருவன்
மூன்றுமுறை செய்தால்
தெரிந்ததாகிவிடும்,
பார்ப்பவர்களுக்கு.

நான் இதை எழுதும் மொழியில்
படத்துக்குப் பெயர் ஆவணப்படம்.
ஆவணம் என்றால் ஓலை, பத்திரம்.
ஆள் அடிமை என்று எழுதிவைத்ததும் ஆவணம்.
அதற்கும் முன்னால், பழந்தமிழில்,
ஆவணம் என்றால் கடைத்தெரு.
இரண்டும் எப்படி ஒரு சொல்லில் ஏறின,
எனக்குத் தெரியாது.
விற்றவன் வாங்கியவன் நடுவே
பார்த்துக்கொண்டிருந்த தெருவே
முதல் பத்திரமாய் இருந்திருக்கலாம்.
இது என் ஊகம். அகராதியில் இல்லை.

வெள்ளிக்கிழமை துறைமுகச் சந்தை.
ஒப்தூலியா இரண்டு கூடை மட்டிக்கு
தொண்டை கிழிய விலை சொன்னாள்.
கணவாய் விற்பவள் அவளுக்குப் பாதி நிழல் கொடுத்தாள்.
செவெரீனோ பெயரை யாரும் எடுக்கவில்லை,
எல்லோரும் சில்லறையைச் சரியாகக் கொடுத்தார்கள்.

ஐஸ் கடையில் எலாதியாவின் கரும்பலகை.
மேலே யார்யாரோ. கீழ்மூலையில்
சுண்ணக்கட்டியில், மங்காமல்:
செவெரீனோ. 11,40.
அதன் கீழே ஒரு தேதி,
படகு போன நாளுக்கு முந்திய நாள்.

எலாதியா ஈரத்துணியோடு நின்றாள்.
"அழித்துவிடட்டுமா? காசு வேண்டாம், பெண்ணே."

ஒப்தூலியா பணப்பையைத் திறந்தாள்.
மட்டிப் பணத்தில் இருபது யூரோத் தாள்
வெளியே எட்டிப் பார்த்தது.
இன்றைய ஐஸுக்கு மட்டும் எண்ணி வைத்தாள்.
"கடன் கடன்தான்" என்றாள்.
"அப்புறம் தருகிறேன்."

என் பையில் ரெக்கார்டர் இருந்தது, மின்கலம் நிறைய.
கையில் ஐஸ் மூட்டை.
வண்டிவரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
சட்டையெல்லாம் நனைந்தது.