பத்துக் கிலோவுக்குக் கீழே

புதுவயலில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்
எங்கள் மொட்டைமாடிக்கு உமிச்சாம்பல் வந்துவிடும்.
துணி காயப்போட முடியலை என்பாள் சாத்தம்மை.
நான் அதைப் பெருக்கி அள்ளி,
ஆணி காய்ச்சி அடியில் ஐந்து ஓட்டை போட்ட
பெயிண்டு வாளியில் கொட்டினேன்.
மேலே செம்மண், மாட்டெரு.

தபாலில் வந்தவை ஏழு விதை.
செடி முழங்காலுக்கு மேல் வளராதாம்,
காய் மட்டும் கைக்குள் அடங்காதாம்.
தையில் மூன்று போட்டேன்.
பங்குனியில் வந்த பூ அத்தனையும்
காம்போடு கழன்று விழுந்தது.
ராத்திரியும் கொதிக்கிற ஊரில்
எந்தப் பூ பிஞ்சு பிடிக்கும்?

ஆவணியில் மிச்சம் நாலு.
இரண்டு முளைக்கவில்லை, ஒன்றை அணில் கிள்ளியது.
நின்றது ஒன்று:
கட்டைவிரல் பருமன் தண்டு,
கரும்பச்சையில் சுருங்கிய இலை,
யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி.
பக்கத்து மாடி சவரியம்மாள் எட்டிப் பார்த்து
"என்ன கீரை இது?" என்றாள்.

முதல் பிஞ்சுக்கு அடி கறுத்தது.
வெற்றிலைச் சுண்ணாம்பைச் சுண்டுவிரல் நுனியளவு
குடத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன்.
ஐப்பசி மழையில், நடுச்சாமத்தில்,
வாளியைச் சன்ஷேடுக்கு அடியில் இழுத்தேன்.
ஒரேயடியாய்க் குடித்தால் தோல் வெடித்துவிடும்.
நனைந்து இறங்கியபோது
போர்வைக்குள்ளிருந்து குரல்:
"எனக்கு என்னைக்காவது குடை பிடிச்சிருக்கீகளா?"

மார்கழியில் சிவந்தது.
தோளெல்லாம் மடிப்பு, கோணல்மாணல்,
வாளி விளிம்பில் தொப்பையைச் சாய்த்துக்கொண்டு.
சாத்தம்மை அமுக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள்.
"இதுல சாறே இருக்காது. ரசத்துக்கு ஆகுமா?"

மில்லுக்கு எடுத்துப் போனேன்.
அறுபது டன் எடைமேடை,
பதினெட்டு வருஷமாய் நான்தான் எண் படிக்கிறேன்,
நான்தான் சீட்டுக் கிழிக்கிறேன்.
காலையில் வண்டி ஏதும் வரவில்லை.
இரும்புத் தளத்தின் நட்டநடுவில் அதை வைத்துவிட்டு
அறைக்கு ஓடிவந்து பார்த்தேன்.

பூஜ்யம்.
சிவப்பு எழுத்தில், அசையாமல், பூஜ்யம்.

பத்துக் கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.
தெரிந்தேதான் வைத்தேன்.

ஆரன் அடித்தது.
நெல் லாரியிலிருந்து மைதீன்பிச்சை தலையை நீட்டி,
"அண்ணே, அந்த லோடை எறக்கிட்டு வழி விடுங்க."

மூட்டை பிரிக்கிற கத்தியால் குறுக்கே அறுத்தேன்.
உள்ளே குழியே இல்லை, சுவரோடு சுவர் சதை.
உப்புத் தொட்டு ஒரு பாதியைத் தின்றோம்,
லாரி மேடைமேல் உறுமிக்கொண்டிருக்க.
இருக்காது என்ற சாறு
முழங்கை வரை வழிந்தது.

விதைகளை எடைச்சீட்டில் தேய்த்துக் காயவைத்தேன்.
மொத்த எடைக்கு எதிரே நாலு ஒட்டியது,
வண்டி எடைக்கு எதிரே ஒன்று,
நிகர எடையில் ஒரு கொத்து,
எண்ணவில்லை, ஆவணி வரட்டும்.

மற்ற பாதியை டிபன் பாக்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
அன்று ராத்திரி ரசம் வைக்கவில்லை.
பாதியும் இல்லை.